சித்திரா பௌர்ணமிக்கு மறுநாள்

அன்புள்ள தம்பி,

இங்கே எல்லோரும் நலம். நீ வேளைக்குச் சாப்பிடு.

நேற்று அம்மா வழக்கம்போல உப்பில்லாமல் நோன்பு இருந்தாள். எமனுக்குப் பாவ புண்ணியக் கணக்கு எழுதும் சித்திரபுத்திர நயினார் பசுவின் வயிற்றில் பிறந்தவர் அல்லவா, பால், தயிர், நெய் எதையும் தொடவில்லை. மாக்கோலத்தில் நயினாரை உன் தங்கை வரைந்தாள். ஏடு சரியாக வந்தது, எழுத்தாணிதான் அகப்பை மாதிரி ஆகிவிட்டது. நீ வரைந்தால் விரல் நகம்கூடத் தெரியும். அந்தக் கை இன்று பெரிய கட்டடங்களுக்கு வரைபடம் போடுகிறது என்று பார்ப்பவரிடமெல்லாம் சொல்கிறேன். அந்தக் கைக்கு ஒரு போன் செய்யத்தான் நேரமில்லை. நேற்றாவது கூப்பிடுவாய் என்று அம்மா போனை மடியிலேயே வைத்திருந்தாள்.

இரவு நயினார் கதையை நான்தான் படித்தேன். முடிந்ததும், "மலையளவு பாவத்தைக் கடுகளவாக எழுது, கடுகளவு புண்ணியத்தை மலையளவாக எழுது" என்று எல்லோரும் வேண்டிக்கொண்டார்கள். எனக்கு வாய் எழவில்லை.

சின்ன வயதில் உனக்கு நசிகேதன் கதை சொன்னேனே, நினைவிருக்கிறதா? கிழட்டுப் பசுக்களைத் தானம் கொடுத்த அப்பாவிடம், "என்னை யாருக்குக் கொடுப்பீர்கள்?" என்று மூன்று முறை கேட்டான் பிள்ளை. ஆத்திரத்தில், "எமனுக்கு" என்றுவிட்டார். எமன் வாசலில் மூன்று இரவும் அவன் என்ன சாப்பிட்டான் என்று கேட்டு நீ அழுதாய். விருந்தாளி பட்டினி கிடந்தானே என்று எமனே பதறித்தான் மூன்று வரம் கொடுத்தான்.

வெற்றிலைக் கொடிக்கால் விஷயத்தில் நீ கேட்டது நியாயம். பதில் சொல்ல முடியாமல்தான் அந்த அப்பா சொன்னதையே நானும் சொன்னேன். நீ எழுந்து போனாய். இலையில் சாம்பாருக்கு நீ கட்டிய பாத்திகூட உடையவில்லை. எமனுக்கு இருந்த பதற்றம் எனக்கு இல்லாமல் போயிற்று. வாசல்வரை வந்துகூட உன்னைக் கூப்பிடவில்லை.

அப்பாவின் கோபம் தணிய வேண்டும் என்பதுதான் நசிகேதன் கேட்ட முதல் வரம். நீ எதுவும் கேட்க வேண்டாம். எனக்குக் கோபமில்லை. தவறு என்னுடையது.

இரவில் வண்டி ஓட்டாதே. வேளைக்குச் சாப்பிடு. டிக்கெட் எடுத்தால் என்னிடம் சொல்லாவிட்டாலும் தங்கையிடம் சொல். சோழவந்தான் ஸ்டேஷனில் வந்து நிற்கிறேன்.

அப்பா