கம்பெனி முழுக்கத் தெரிந்த ரகசியம்

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்.

உலக எய்ட்ஸ் தினமான டிசம்பர் 1ஆம் தேதி நீங்கள் வெளியிட்ட ராணுவ மருத்துவச் சேவை கட்டுரையில் ஒரு வரி: "போதிய விழிப்புணர்வு இல்லாததால் ஜவான்கள் எச்.ஐ.வி. பரிசோதனைக்கு முன்வருவதில்லை." ரொம்ப நல்லது. எழுதியவர் ஒரு ஜவான் வீட்டுத் திண்ணையில் பத்து நிமிஷம் உட்கார்ந்திருந்தால் இதை எழுதியிருக்க மாட்டார்.

என் கணவர் தரைப்படையில் ஹவில்தாராக இருந்தவர். எங்கள் வேலூர்ப் பக்கம் பட்டாளத்துக்கு ஆள் அனுப்பாத தெரு இல்லை என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. 2006இல் அவருக்கு எச்.ஐ.வி. இருப்பது தெரிந்தது. ரிப்போர்ட் 'கான்பிடென்ஷியல்' முத்திரை குத்திய உறையில்தான் யூனிட்டுக்குப் போனது. மறுநாளே லங்கரில், அதாவது பட்டாளத்துச் சாப்பாட்டுக் கூடத்தில், அவர் தட்டைத் தனியாக எடுத்து வைத்துவிட்டார்கள். மெடிக்கல் கேட்டகரி என்கிற உடல்தகுதித் தரம் இறங்கியது, பிரமோஷன் நின்றது. அவருடைய பட்டாளக் கம்பெனி முழுக்கத் தெரிந்த அந்த ரகசியம் ஊரில் பிள்ளைகளோடு இருந்த எனக்கு மட்டும் தெரியாது. ஏழு மாதம் கழித்து, குவார்ட்டர்ஸிலிருந்து திரும்பி வந்த ஒரு அக்கா ரேஷன் கடை வரிசையில் வைத்துக் கேட்டபோதுதான் தெரிந்தது. என்னிடம் மறைத்த கணவரையும் குற்றம் சொல்ல மாட்டேன். பெண்டாட்டியிடம் இதை எப்படிச் சொல்வது என்று அவரை உட்கார வைத்துப் பேச அங்கே ஆளில்லை. எனக்கும் ஒரு கடுதாசி வரவில்லை. எச்.ஐ.வி. பரிசோதனை செய்து ஆலோசனை சொல்லும் அரசு ஆஸ்பத்திரி நம்பிக்கை மையத்தை நானேதான் தேடிப் போனேன். என் ரிசல்ட் என்னவென்று இங்கே எழுதப்போவதில்லை. கோர்ட் கேட்டாலொழிய நான் சொல்ல வேண்டியதில்லை என்று 2017ஆம் ஆண்டு எச்.ஐ.வி., எய்ட்ஸ் சட்டம் இருக்கிறது. சம்மதமில்லாமல் சோதிக்கக் கூடாது, நூறு பேர் வேலை செய்யும் இடத்தில் புகார் அதிகாரி வேண்டும் என்பதும் அதில்தான் வருகிறது. உங்கள் கட்டுரையில் அதற்கு அரை வரி கிடையாது.

அப்புறம், அந்த விமானப்படை வீரர். அவருக்கு எச்.ஐ.வி. 2002இல் ராணுவ ஆஸ்பத்திரியில் ஏற்றிய ரத்தத்தில் வந்தது, 2014இல்தான் கண்டுபிடித்தார்கள். 2023இல் உச்ச நீதிமன்றம் ஒன்றரைக் கோடிக்கு மேல் இழப்பீடு கொடுக்கச் சொன்னது. நீங்களும்தான் செய்தி போட்டீர்கள். அவருக்கும் விழிப்புணர்வு போதவில்லையோ?

வருஷா வருஷம் டிசம்பர் 1 என்றால் கல்லூரிப் பிள்ளைகளைச் சிவப்பு ரிப்பன் வடிவில் நிற்க வைத்துப் படம் போடுகிறீர்கள். சரி, போடுங்கள். ஆனால் பக்கத்திலேயே 'எய்ட்ஸ் நோயாளிகள்' என்று தலைப்பு எதற்கு? எச்.ஐ.வி. இருப்பவர் எல்லோரும் எய்ட்ஸ் நோயாளி இல்லையே. தாம்பரம் சானடோரியத்தில் எச்.ஐ.வி.யை அடக்கி வைக்கும் கூட்டு மருந்தை இலவசமாகக் கொடுக்க ஆரம்பித்தது 2004இல். அதே மருந்து வகையைச் சாப்பிட்டுக்கொண்டுதான் என் வீட்டுக்காரர் இன்றும் விடிகாலையில் இரண்டு மாடு கறக்கிறார். போன வருஷம் இதைப் பற்றி எழுதினேன். இடப் பற்றாக்குறை போலிருக்கிறது, நீங்கள் போடவில்லை.

நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. முன்னாள் படைவீரர் பாலிகிளினிக்கில் மாத்திரை வாங்க மாதம் ஒருமுறை இரண்டு பஸ் மாறிப் போகிறோம். கவுன்டரில் மருந்துப் பெயரைச் சத்தமாகப் படித்துக் கூப்பிடுகிறார்கள். மூன்று மாத மாத்திரையைச் சேர்த்துக் கொடுக்கவும், டோக்கன் நம்பர் சொல்லிக் கூப்பிடவும் சொல்லி நீங்கள் இரண்டு வரி எழுதினால் போதும்.

பெயரும் முகவரியும் தனித்தாளில் உங்கள் பார்வைக்கு மட்டும் வைத்திருக்கிறேன். உறையின் மேல் 'அந்தரங்கம்' என்று எழுதவில்லை. எழுதினால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும்.

இப்படிக்கு,
ஒரு முன்னாள் படைவீரரின் மனைவி,
வேலூர் மாவட்டம்.