வல்லாரையும் ஊசியும்

அன்புள்ள முருகேசா,

உன் கடிதம் கிடைத்தது. பேத்தி அதற்குள் பத்தாம் வகுப்பா! ஞாபகசக்திக்கு அவளுக்கு என்ன கொடுக்கலாம் என்று என்னிடம் கேட்கிறாயே, சரியான ஆளைத்தான் பிடித்தாய். சில மாதங்களுக்கு முன் அடுப்பில் பாலை வைத்துவிட்டு மொட்டை மாடிக்குப் போனேன். எதற்கு வந்தோம் என்று அங்கேயே யோசித்துக்கொண்டு நின்றேன். தீய்ந்த வாடை வந்த பிறகுதான் பால் ஞாபகம் வந்தது.

உடனே பழைய வைத்தியம்தான். வாய்க்கால் கரையில் வல்லாரை பறித்துவந்து, உளுந்தும் மிளகாய் வற்றலும் வறுத்து, கீரையை எண்ணெயில் சுருள வதக்கி, புளி, தேங்காய் வைத்து அரைத்தேன். தேங்காய் குறைந்தால் கசப்பு நாக்கை விடாது. ஒரு மாதம் தின்றும் மறதி போகவில்லை. வெண்டைக்காய் தின்றால் கணக்கு வரும் என்று உன் அம்மா சொல்வார்களே, அதைத் தட்டுத் தட்டாகத் தின்றும் உனக்கு அல்ஜீப்ரா வந்ததா என்ன?

அப்புறம் பாதத்தில் எறும்பு ஊர்கிற மாதிரி இருக்கவே டாக்டரிடம் போனேன். நரம்புக்கும் ஞாபகத்துக்கும் வேண்டிய வைட்டமின் பி12 ரத்தத்தில் எவ்வளவு என்று பார்த்தார்கள். 200க்கு மேல் இருக்க வேண்டியது, எனக்கு 110. நான் கறி, மீன், முட்டையை விட்டு ஆறு வருஷம். பாலும் காபிக்கு மட்டும்தான். கீரையிலும் காய்கறியிலும் பி12 கிடையாதாம். போதாததற்குப் பத்து வருஷமாகப் போடும் சர்க்கரை மாத்திரை மெட்ஃபார்மினும் அதைக் குறைக்குமாம். பி12 ஊசி போட்ட பிறகு பாதத்தில் அந்த ஊறல் குறைந்திருக்கிறது, தலையும் கொஞ்சம் தெளிவு.

மகள் ஒரு செய்தி அனுப்பினாள். அமெரிக்காவில் மூளைக்கு நல்லது என்று கீரை, பெர்ரி, பருப்புக் கொட்டைகள், மீன் எல்லாம் சேர்த்து 'மைண்ட்' என்று ஓர் உணவுமுறை வகுத்திருக்கிறார்கள். 604 முதியவர்களை வைத்து மூன்று வருஷம் சோதித்து 2023இல் முடிவைச் சொன்னார்கள். வழக்கமான சாப்பாட்டையே கொஞ்சம் அளவு குறைத்துச் சாப்பிட்ட இன்னொரு கூட்டத்துக்கும் இவர்களுக்கும் பெரிய வித்தியாசம் இல்லையாம். மூன்று வருஷம் போதாதோ என்னவோ. எனக்கென்னவோ, உடம்பில் எது குறைகிறது என்று பார்க்காமல் எதைத் தின்றும் பயனில்லை என்றுதான் படுகிறது.

அதனால் பேத்திக்கு முதலில் ஹீமோகுளோபின் பார்த்துவிடு. வளர்கிற பெண், 12க்குக் கீழே இருந்தால் படிப்பில் மனம் நிற்காது. காலையில் பட்டினியாக அனுப்பாதே, முட்டை தின்பாள் என்றால் ஒன்று வேகவைத்துக் கொடு. சாப்பிட்ட கையோடு டீ வேண்டாம், ஹீமோகுளோபினுக்கு வேண்டிய இரும்புச்சத்தைச் சாப்பாட்டிலிருந்து உடம்பில் சரியாகச் சேரவிடாது.

வல்லாரைத் துவையலை நான் விடவில்லை. சுடுசோற்றில் நல்லெண்ணெய் ஊற்றிப் பிசைந்தால் அது வேறு ருசி. பொங்கலுக்கு வா, அரைத்து வைக்கிறேன். அந்தப் பால் சட்டிதான் இன்னும் வெளுக்கவில்லை.

அன்புடன்,
சுந்தரம்