கடைசியில் நடப்பவளின் கணக்கு

அன்புள்ள கண்ணம்மா,

சாரணியர் பிள்ளைகள் பதினெட்டுப் பேரை நடைப்பயணம் கூட்டிப்போகும் பொறுப்பு உன் தலையில் விழுந்திருக்கிறது என்று நீ போனில் சொன்னதும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பத்து வயதில் எந்த நடைக்குக் கூட்டிப்போனாலும் வரிசைக் கடைசியில் முனகிக்கொண்டே வந்தவள் நீ. யோசித்துப் பார்த்தால் இந்த வேலைக்கு அதைவிடப் பெரிய தகுதி இல்லை.

நான் முதல் தடவை ஒரு குழுவைக் கூட்டிப்போன கதையை உன்னிடம் சொன்னதில்லை. வழியில் மூன்று இடத்தில் ஓய்வு கொடுத்தேன். முன்னால் போனவர்கள் உட்கார்ந்து, தண்ணீர் குடித்து, அரட்டை அடித்து முடிக்கும்போதுதான் பின்னால் வருபவர்கள் வந்து சேருவார்கள். "எல்லாரும் வந்தாச்சா? சரி, கிளம்பலாம்" என்பேன். நன்றாக நடப்பவர்களுக்குப் பத்து நிமிஷ ஓய்வு. களைத்துப்போய் வந்தவளுக்கு ஒன்றுமே இல்லை! மூன்றாவது இடத்தில் ஒரு சின்னப் பெண் ஷூவைக் கழற்றினாள். கொப்புளம் உடைந்து, சாக்ஸ் குதிகாலோடு ஒட்டிக்கொண்டிருந்தது. "ஏம்மா முதல்லயே சொல்லல?" என்றேன். "நான் வந்ததும் கிளம்பிடுறீங்களே மிஸ்" என்றாள்.

அன்றிலிருந்து, கடைசி ஆள் உட்கார்ந்த பிறகுதான் ஓய்வு நேரத்தை எண்ண ஆரம்பிப்பேன். கிளம்பிக் கால் மணி, இருபது நிமிஷத்தில் ஒரு தடவை நின்று, யாருக்காவது ஷூ கடிக்கிறதா என்று கேட்டுவிடு. லேசாக எரியும்போதே டேப் ஒட்டினால் பெரும்பாலும் கொப்புளம் வரை போகாது.

நேரக் கணக்குக்கு, நெய்ஸ்மித் என்ற ஸ்காட்லாந்து மலையேறி 1892இல் சொன்ன ஒரு வழி இருக்கிறது. ஐந்து கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம். அதற்கு மேல், ஏறும் ஒவ்வொரு 600 மீட்டருக்கும் இன்னொரு மணி நேரம். நீ சொன்ன எட்டு கிலோமீட்டர், 300 மீட்டர் ஏற்றத்துக்கு இரண்டு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேலே வரும். ஆனால் அது நல்ல உடல்வாகுள்ள பெரியவர்கள் நிற்காமல் நடப்பதற்கான கணக்கு. பிள்ளைகளோடு போகிறாய், மூன்றரை மணி நேரம் என்றே வைத்துக்கொள். எத்தனை மணிக்குத் திரும்பியே ஆகவேண்டும் என்பதையும் கிளம்பும் முன்பே முடிவு செய்துவிடு. உச்சி கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் நின்றுகொண்டு அதை முடிவு செய்ய யாராலும் முடியாது.

முன்னால் ஒரு பெரியவர், கடைசியில் ஒரு பெரியவர். அந்தக் கடைசிப் பெரியவருக்குப் பின்னால் யாரும் தங்கிவிடக் கூடாது. பாதை பிரிகிற இடம், ரோட்டைக் கடக்கிற இடம், எங்கே நின்றாலும் தலையை எண்ணு. நடைபாதை இல்லாத ரோட்டில் எதிரே வரும் வண்டிகளைப் பார்த்தபடி ஒற்றை வரிசையாக நடங்கள். விசில் ஆளுக்கொன்று. ஆல்ப்ஸ் மலைக்காரர்களின் அபாயக் குறிப்பைச் சொல்லிக்கொடு: ஒரு நிமிஷத்துக்குள் ஆறு தடவை ஊதி, ஒரு நிமிஷம் பொறுத்து மறுபடி ஆறு. கேட்டவர் மூன்று தடவை ஊதிப் பதில் சொல்வார். இடி காதில் விழுந்தால் மேடான இடத்தை விட்டு உடனே இறங்கிவிடு. கடைசி இடிச் சத்தம் கேட்டு அரை மணி நேரம் ஆகும் வரை மறுபடி நடக்க வேண்டாம்.

முதலுதவிப் பையில் நாப்கினும் பழைய பேப்பர் பைகளும் இருக்கட்டும். இருக்கிறது என்று கிளம்பும்போதே எல்லோருக்கும் பொதுவாகச் சொல்லிவிடு. கேட்கக் கூச்சப்படுகிறவள் கேட்கவே மாட்டாள்.

இவ்வளவையும் படித்துவிட்டுப் பிள்ளைகளை மந்தை மாதிரி ஓட்டிப் போகாதே. வரைபடத்தை அவர்கள் கையில் கொடு. அரை மணிக்கு ஒரு ஜோடி வழி காட்டட்டும். தப்பான பக்கம் திரும்பினால், ஆபத்து இல்லாதவரை ஒரு நூறு அடி போகவிடு. அவர்களே கண்டுபிடித்துத் திரும்புவார்கள், வீட்டுக்குப் போய் அதைத்தான் முதலில் சொல்வார்கள். 1909இல் லண்டன் கிரிஸ்டல் பேலஸில் ஆண்பிள்ளைகளுக்காக நடந்த சாரணர் பேரணிக்கு யாரும் கூப்பிடாமலே வந்து "எங்களுக்கும் வேண்டும்" என்று நின்ற பெண்பிள்ளைகளால் பிறந்த இயக்கம்தானே உங்களுடையது?

அப்புறம், அந்தப் பாதையை நீ முன்கூட்டியே ஒருமுறை நடந்து பார்த்தாக வேண்டும். அடுத்த மாதம் நான் அங்கே வரும்போது வைத்துக்கொள், நானும் வருகிறேன். என் முழங்கால் இருக்கிற நிலைமைக்கு, உன் குழுவின் கடைசிப் பிள்ளை வேகத்தில்தான் நடப்பேன். கடிகாரத்தை மட்டும் நீ பார்த்துக்கொள்.

அன்புடன்,
அம்மா