படிப்படியாகப் பலம் குறைபவர்களுக்கும் சேர்த்து யோசியுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்னையில் தாழ்தளப் பேருந்துகள் ஓட ஆரம்பித்த பிறகு பத்திரிகைகளில் அவ்வப்போது அதுபற்றிய செய்தியும் படமும் வருகிறது. சந்தோஷம்தான். 2024 ஆகஸ்டில் அவை வந்து சேர்ந்ததற்குப் பின்னால் உயர் நீதிமன்றம் வரை போன சட்டப் போராட்டம் இருக்கிறது என்பதையும் யாராவது எழுதினால் இன்னும் சந்தோஷம். ஆனால் நான் எழுத வந்தது பேருந்தைப் பற்றி மட்டும் இல்லை. மாற்றுத்திறனாளி என்றாலே ஏதோ ஒரு நாளில் ஒரு நிலைக்கு வந்து அப்படியே நின்றுவிட்ட உடம்பு என்ற நினைப்பில்தான் நம் ஊரில் சான்றிதழ் கொடுக்கிறார்கள், வண்டி கொடுக்கிறார்கள், கழிப்பறை கட்டுகிறார்கள். வருஷத்துக்கு வருஷம் குறைந்துகொண்டே போகிற எங்களை மாதிரி ஆட்களுக்கு இது எதுவும் பொருந்துவதில்லை.

எனக்கு இருப்பது தசைச்சிதைவு நோய். அதிலும் இடுப்பையும் தோளையும் முதலில் பிடிக்கிற 'லிம்ப் கர்டில்' வகை. முப்பதை ஒட்டிய வயதில் டவுன் பஸ் படியில் கால் ஏற மறுத்தது. அப்புறம் கல்யாண வீட்டுப் பந்தியில் தரையில் உட்கார்ந்தால் எழ முடியவில்லை, அப்புறம் நாற்காலியிலிருந்து எழவே மேசையைப் பிடிக்க வேண்டியதாயிற்று, நடந்துகொண்டிருக்கும்போதே முழங்கால் மடங்கி விழுந்தேன், வெளியே போக மட்டும் சக்கர நாற்காலி என்று தொடங்கியது இப்போது வீட்டுக்குள்ளும் வந்துவிட்டது. கைகள் இன்னும் வேலை செய்கின்றன, தலைக்கு மேல் மட்டும் தூக்க முடியாது. இதை நிறுத்துகிற மருந்து இதுவரை இல்லை. பிசியோதெரபி, எடை கூடாமல் பார்த்துக்கொள்வது, இதயத்தையும் மூச்சையும் அவ்வப்போது பரிசோதிப்பது, இவ்வளவுதான் மருத்துவம். மீதி எல்லாம் கொத்தனார், ஆசாரி, எலெக்ட்ரீஷியன் கையில் இருக்கிறது.

கழிப்பறையிலிருந்து ஆரம்பிக்கிறேன், தயவுசெய்து வெட்டாமல் போடுங்கள். தொடையில் பலம் குறைந்தவருக்கு உட்காரும் இடம் எவ்வளவு உயரமோ அவ்வளவு சுலபம், ஏனென்றால் எழுவதற்குத் தள்ள வேண்டிய தூரம் குறைகிறது. சாதாரண வெஸ்டர்ன் கமோடு பதினாறு அங்குலம் இருக்கும், எங்களுக்கு இருபது, இருபத்தொன்று வேண்டும். இதைச் சொன்னதும் கொத்தனார் உடனே, "அதுக்கென்னம்மா, கீழே ஒரு மேடை கட்டி அது மேலே வெச்சுடலாம்" என்பார். கட்ட விடாதீர்கள். இன்றைக்கு அது வசதிதான். நடையே போய் நாற்காலியிலிருந்து கமோடுக்கு நகர்ந்து மாற வேண்டிய காலம் வரும்போது இரண்டும் ஒரே உயரத்தில் இருக்க வேண்டும், நாற்காலி பக்கத்தில் ஒட்டி நிற்கவும் வேண்டும். அந்த மேடை இருந்தால் நாற்காலியின் கால்மிதி அதில் முட்டி நின்றுவிடும். அப்புறம் டைல்ஸோடு சேர்த்து உடைக்க வேண்டியதுதான். மருத்துவ உபகரணக் கடைகளில் கமோடு மேல் மாட்டுகிற பிளாஸ்டிக் உயர்த்தி கிடைக்கிறது, வேண்டாதபோது கழற்றி விடலாம். கட்டிலுக்கும் இதே கணக்கு. கால்களுக்கு அடியில் மரக்கட்டை கொடுத்து உயர்த்துங்கள், நாற்காலிக்கு மாறும் காலத்தில் கட்டையை எடுத்துவிடுங்கள். இன்றைய தேவையும் மூன்று வருஷம் கழித்து வரப்போகிற தேவையும் சில இடங்களில் ஒன்றுக்கொன்று நேர் எதிராக இருக்கும் என்பதை எந்த மருத்துவரும் எனக்குச் சொல்லவில்லை. சொல்ல நேரம் இருக்காது, வெளியே வரிசை அப்படி.

குளியலறைக் கதவு உள்பக்கமாகத் திறக்கிற வீடுகளே அதிகம். உள்ளே விழுந்துவிட்டால் விழுந்தவரின் உடம்பே கதவைத் தடுத்துக்கொண்டு கிடக்கும், வெளியே இருப்பவர் தள்ளவும் முடியாது. கதவை வெளிப்பக்கம் திறக்கும்படி மாற்றுங்கள், அல்லது தள்ளுகதவு போடுங்கள், தாழ்ப்பாள் வெளியிலிருந்தும் திறக்கக்கூடியதாக இருக்கட்டும். நம் வீடுகளில் குளியலறைக் கதவு இரண்டரை அடிதான் வைக்கிறார்கள், நிலை போக மிஞ்சுகிற இடத்தில் நாற்காலி உரசிக்கொண்டு போகும், கைமுட்டி சிராய்க்கும். மூன்று அடி விடுங்கள். தண்ணீர் வெளியே வராமல் இருக்க ஒரு தடுப்பு கட்டுவார்களே, அதுதான் நடக்கிற காலத்தில் கால் தடுக்கவும் நாற்காலிக் காலத்தில் சக்கரம் தடுக்கவும் காரணம். அதற்குப் பதில் வாசலை ஒட்டித் தரையில் நீளவாக்கில் கம்பிச் சல்லடை மூடிய வாய்க்கால் வைத்தால் தண்ணீர் அதில் போய்விடும். கைப்பிடிக் கம்பியைச் செங்கல் சுவரில் ஆழமாக போல்ட் வைத்து இறுக்க வேண்டும். ரப்பர் உறிஞ்சியால் ஒட்டுகிற கம்பி ஆன்லைனில் விலை குறைவாகக் கிடைக்கிறதே என்று வாங்காதீர்கள், முழு எடையையும் போட்டுத் தொங்கும்போது அது பெயர்ந்து கையோடு வந்துவிடும்.

கம்பியும் நிரந்தரம் இல்லை. தோள் போன பிறகு சுவரில் எத்தனை கம்பி இருந்தாலும் பிடித்து எழ முடியாது, ஆளைத் துணித்தொட்டிலில் வைத்துத் தூக்கும் ஹாய்ஸ்ட் வேண்டியிருக்கும். புது வீடு கட்டுகிற குடும்பத்தில் யாருக்காவது இந்த நோய் இருந்தால், தளம் போடும்போதே படுக்கையறையிலும் குளியலறையிலும் ஊஞ்சலுக்குப் போடுகிற மாதிரி கொக்கிகளை, பாரம் தாங்குமா என்று பொறியாளரிடம் கேட்டுப் போட்டு வைத்துவிடுங்கள். அதுவரை ஊஞ்சலே ஆடிக்கொள்ளலாம்.

அப்புறம் சுவிட்ச். நம் வீடுகளில் நாலரை, ஐந்து அடி உயரத்தில் இருக்கிறது. கையைத் தோளுக்கு மேல் தூக்க முடியாதவருக்கு விளக்குப் போடக்கூட ஆள் கூப்பிட வேண்டும். மூன்றடிக்கு இறக்கினால் வீட்டுக் குழந்தைகளுக்கும் வசதி. சமையலுக்கு மேடையை மறந்துவிட்டு, கீழே கால் நுழைகிற ஒரு மேசையில் இண்டக்‌ஷன் அடுப்பை வைத்துக்கொண்டேன்.

வாசல் சாய்தளத்துக்கு 1:12 என்பது கணக்கு. ஓர் அங்குல உயரத்துக்கு ஓர் அடி நீளம். அரையடிப் படி மூன்று இருந்தால் ஒன்றரை அடி உயரம், பதினெட்டு அடி நீளம் வேண்டும். எங்கள் தெருவில் வாசலுக்கும் சாக்கடைக்கும் நடுவே அத்தனை இடம் யாருக்கு இருக்கிறது? அதனால் ஐந்தடி நீளத்தில் செங்குத்தாக ஒன்றைக் கட்டி வைத்துவிட்டு சாய்தளம் என்கிறார்கள், ஏற்றும்போது பின்னால் தள்ளுகிறவர் மேல் நாற்காலியே கவிழும். பக்கவாட்டில் திருப்பி இரண்டு மடிப்பாகக் கட்டலாம், திரும்புகிற இடத்தில் ஐந்தடிக்கு ஐந்தடி சமதளம் விட்டு. சாலையைச் சுரண்டாமலே மேலே மேலே தார் போட்டு உயர்த்தியதில் எங்கள் வீட்டின் ஒரு படி மண்ணுக்குள் போய்விட்டது. எனக்கு ஒரு படி லாபம், ஐப்பசி மழையில் தண்ணீர் கூடத்துக்கு வருவது நஷ்டம்.

வீட்டுக்குள் நாமே பார்த்துக்கொள்ளலாம், வாசலைத் தாண்டினால் நம் கையில் ஒன்றும் இல்லை. 2021 முதல் சாதாரண நகரப் பேருந்தில் பெண்களுக்கு டிக்கெட் கிடையாது, மாற்றுத்திறனாளிக்கும் துணைக்கு வருபவருக்கும் கிடையாது. ஆக எனக்கு இரண்டு வகையிலும் இலவசம், ஏறத்தான் முடியாது. தாழ்தளப் பேருந்தின் தளம் தரையிலிருந்து சுமார் 400 மில்லிமீட்டர். எங்கள் ஊர் வண்டிகளில் முதல் படியே ஏறக்குறைய அந்த உயரம், அதற்கு மேல் இன்னும் படிகள். சென்னைக்கு வெளியே மாவட்டத் தலைநகரங்களில் பெரிய மருத்துவமனைக்குப் போகிற வழித்தடங்களிலாவது இவற்றை முதலில் விடுங்கள் என்று கேட்பது பேராசையா?

ஆட்டோ ஏறச் சுலபம், இறங்கக் கஷ்டம், ஏனென்றால் இருக்கை தாழ்வு. கார்களில் தாழ்ந்த செடானும் ஆகாது, ஜீப் மாதிரி உயர்ந்ததும் ஆகாது, இடுப்பளவுக்கு இருக்கை வருகிற உயரமான ஹேட்ச்பேக்தான் சரி. இருக்கை மேல் ஒரு பாலிதீன் பையை விரித்து உட்கார்ந்தால் உடம்பு தானாக வழுக்கித் திரும்பும், திரும்பிய பிறகு பையை உருவிவிட வேண்டும், இல்லையென்றால் பிரேக் போடும்போது முன்னால் வழுக்குவோம்.

ரயிலில் துணையில்லாமல் பயணம் செய்ய முடியாதவருக்கு ஸ்லீப்பரிலும் மூன்றடுக்கு ஏசியிலும் 75 சதவீதக் கட்டணச் சலுகை உண்டு, துணைக்கு வருபவருக்கும் அதே சலுகை. பணத்தில் தாராளம்தான். ஆனால் பெட்டியின் தளம் பிளாட்பாரத்தைவிட உயரம், வாசலில் படி, உள்ளே நடைபாதையில் சக்கர நாற்காலி நுழையாது. அகலக் கதவு வைத்த மாற்றுத்திறனாளி பெட்டி ரயிலின் கோடியில் இருக்கும், அதில் ஏற்கெனவே ஒரு கூட்டம் உட்கார்ந்திருக்கும். ஆகத் தூக்கித்தான் ஏற்ற வேண்டும். இங்கே ஒன்றை எல்லோருக்கும் சொல்ல வேண்டும். நல்ல மனசோடு ஓடி வந்து அக்குளில் கை கொடுத்துத் தூக்குகிறார்கள். எங்களுக்குத் தோளைப் பிடித்து நிறுத்தும் தசையே இல்லை, அப்படித் தூக்கினால் கை மட்டும் மேலே போகும், உடம்பு நழுவிக் கீழே இறங்கும். தொடைக்கு அடியில் ஒருவர், முதுகைச் சுற்றி மார்போடு அணைத்து ஒருவர், அல்லது இடுப்பில் கைப்பிடி வைத்த பட்டை. அதற்கும் முன்னால், எப்படித் தூக்க வேண்டும் என்று எங்களிடமே ஒரு வார்த்தை கேளுங்கள். என் வீட்டுக்காரருக்கும் வயதாகிறது. எனக்குக் கால் போகிற வேகத்தில் அவருக்கு முதுகு போய்க்கொண்டிருக்கிறது.

விமானத்தில் பேட்டரி நாற்காலி கொண்டுபோகிறவர்கள் 48 மணி நேரம் முன்பே சொல்லிவிடுவது நல்லது. கழற்றக்கூடிய லித்தியம் பேட்டரி என்றால் அதன் கொள்ளளவு 300 வாட் ஹவர் வரைதான் இருக்கலாம், அதையும் கழற்றிக் கையோடு எடுத்துப் போக வேண்டும். நாற்காலி வாங்கும்போதே பேட்டரி மேல் என்ன எண் போட்டிருக்கிறது என்று பாருங்கள். எண்ணே இல்லாத பேட்டரியைப் பாதுகாப்பு அதிகாரி ஏற்கவில்லை என்றால் அவரைக் குறை சொல்ல முடியாது.

இனி அரசாங்கம். தசைச்சிதைவுக்குத் தமிழ்நாட்டில் மாத உதவித்தொகை கிடைக்கிறது, பேட்டரி சக்கர நாற்காலி கொடுக்கும் திட்டமும் இருக்கிறது. இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் நான் கையால் தள்ளும் நாற்காலிக்கு மனு கொடுத்தபோது என் கையில் தள்ளுகிற பலம் இருந்தது, மனு மேசை மேசையாக நகர்ந்து நாற்காலி வந்து இறங்கியபோது அந்தப் பலம் இல்லை. பேட்டரி நாற்காலி கேட்டால், இப்போதுதானே ஒன்று வாங்கினீர்கள் என்கிறார்கள். மாற்றுத்திறனாளிகளுக்கு உபகரணம் கொடுக்கிற மத்திய அரசின் அடிப் திட்டத்திலும் அதே தேவைக்கு மூன்று வருஷத்துக்குள் மறுபடி உதவி கிடையாது. வாகன விபத்தில் கால் இழந்தவருக்கு அந்த விதி சரியாக இருக்கலாம். எங்களுக்கு மூன்று வருஷத்தில் உடம்பே வேறு. சான்றிதழில் சதவீதத்தைத் திருத்த வேண்டும் என்றாலும் மறுபடி மருத்துவக் குழு முன்னால் போய் நிற்க வேண்டும், அதாவது நிற்க முடியாதவர் போய் நிற்க வேண்டும். 2016-ன் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகை குறைபாடுகளைப் பட்டியலிட்டிருக்கிறது, தசைச்சிதைவு அதில் தனியாகவே இருக்கிறது. கூடிக்கொண்டே போகும் நோய் என்று முதல் சான்றிதழிலேயே எழுதி, அதன் அடிப்படையில் அடுத்த கட்ட உபகரணத்தை முன்கூட்டியே ஒதுக்கி வைத்தால் என்ன?

கட்டிடங்கள் விஷயத்தில் உச்ச நீதிமன்றம் 2024 நவம்பர் 8 அன்று ராஜீவ் ரதூரி வழக்கில் தெளிவாகச் சொல்லிவிட்டது. மாற்றுத்திறனாளிகளும் வந்து போகும்படி கட்டிடம் இருக்க வேண்டும் என்கிற அணுகல் விதிகள் வெறும் பரிந்துரையாக இருக்கக்கூடாது, கட்டாயமாக்க வேண்டும், அதற்கு மூன்று மாதம் கெடு என்று. செய்தாலும் பராமரிக்க வேண்டும். மெரினாவில் 2022 நவம்பர் 27 அன்று சக்கர நாற்காலி போக 263 மீட்டர் நீளத்துக்கு மரப்பாதை திறந்தார்கள், இரண்டு வாரத்துக்குள் மாண்டஸ் புயலில் சேதமாகிவிட்டது. சரிசெய்தார்கள், அதற்கு நன்றி. கடற்கரையில் மரம் போட்டால் புயல் வரும் என்பது கார்த்திகையில் தெரியாதா என்று கேட்கத் தோன்றியதையும் சொல்லிவிடுகிறேன்.

சேலத்தில் வானவன் மாதேவியும் இயல் இசை வல்லபியும் தாங்களே இந்த நோயோடு இருந்துகொண்டு ஆதவ் அறக்கட்டளை மூலம் இதே நோய் உள்ளவர்களுக்கு உதவி செய்தார்கள். வானவன் மாதேவி 2023-ல் மறைந்துவிட்டார். நோய் அடுத்து எங்கே போகும் என்று அனுபவத்தில் தெரிந்தவர்களே வழி காட்டுகிற இடம் மாவட்டத்துக்கு ஒன்றாவது வேண்டும்.

உங்களிடம் நேரடியாக ஒரு வேண்டுகோள். கோயில், அருவி, மலை, தங்கும் விடுதி என்று சுற்றுலாக் கட்டுரைகள் போடுகிறீர்கள். லிஃப்ட் இருக்கிறதா என்று விடுதியில் கேட்டால் இருக்கிறது என்பார்கள், போய்ப் பார்த்தால் லிஃப்டுக்குப் போகவே நாலு படி இருக்கும். அதனால் நான் இப்போதெல்லாம் குளியலறைக் கதவில் டேப் பிடித்துப் படம் எடுத்து வாட்ஸப்பில் அனுப்பச் சொல்கிறேன், சிலர் அனுப்புகிறார்கள், சிலர் போனை வைத்துவிடுகிறார்கள். உங்கள் செய்தியாளர் அங்கே போகத்தான் போகிறார். எத்தனை படி, கதவு எத்தனை அங்குலம், வெஸ்டர்ன் கழிப்பறை இருக்கிறதா, வண்டி எதுவரை போகும், இந்த நான்கையும் கட்டுரைக்குக் கீழே இரண்டு வரியில் போட்டுவிடுங்கள். விளம்பரத்துக்கு விடுகிற இடத்தில் பாதிகூட ஆகாது.

இப்படிக்கு,
ஒரு வாசகி, ஓய்வு பெற்ற ஆசிரியை,
திருச்சி