கூப்பிடுவதற்கு முன்னால் ஒரு மெசேஜ்

அன்புள்ள மருமகளுக்கு,

போன ஞாயிற்றுக்கிழமை நான் போன் செய்தபோது நீ ஹலோகூடச் சொல்லவில்லை. "மாமா, என்னாச்சு? யாருக்காவது உடம்பு சரியில்லையா?" என்று பதறினாய். சும்மாதான் கூப்பிட்டேன் என்றதும்தான் உனக்கு மூச்சு வந்தது. அப்புறம், "அடுத்த தடவை கூப்பிடுறதுக்கு முன்னாடி ஒரு மெசேஜ் போட்டுடுங்க மாமா, பயந்துட்டேன்" என்றாய். எனக்கு மூக்குக்கு மேல் கோபம். அக்கா மகளிடம் பேச அப்பாயின்ட்மென்ட் வாங்க வேண்டுமா என்று இரண்டு நாள் முணுமுணுத்துக்கொண்டிருந்தேன். மூன்றாம் நாள் ஆறியது. அதனால்தான் இந்தக் கடிதம்.

நான் சின்னவனாக இருந்தபோது அந்தப் பயம் தந்திக்கு உரியது. வாசலில் "தந்தி" என்று குரல் கேட்டாலே, பிரித்துப் படிப்பதற்கு முன்பே யாராவது அழ ஆரம்பித்துவிடுவார்கள். உங்கள் வயதுக்காரர்களுக்குச் சொல்லாமல் வரும் போன் அந்தத் தந்தி மாதிரி ஆகிவிட்டது. நான் பாசத்தில் கூப்பிடுகிறேன், உனக்கு வயிற்றில் புளியைக் கரைக்கிறது. இது எனக்கு உறைக்கவே மூன்று நாள் ஆனது.

எந்தக் கருவியும் முதலில் வந்துவிடும். அதை வைத்துக்கொண்டு எப்படி நடந்துகொள்வது என்பது பின்னால்தான் வரும். 1876-இல் தொலைபேசிக்குக் காப்புரிமை வாங்கிய கிரகாம் பெல், எடுத்ததும் "அஹோய்" என்று சொல்லவேண்டும் என்றார். கப்பல்காரர்கள் ஒருவரையொருவர் கூவி அழைக்கும் சொல் அது. மறு ஆண்டு எடிசன், "ஹலோ" போதும் என்று எழுதினார். அதுவே நிலைத்தது. இப்போது ஹலோவுக்கும் வேலை குறைந்துவிட்டது. பெயர் திரையில் தெரிந்துவிடுவதால் "யார் பேசறது?" என்ற கேள்வியே போய்விட்டது. எனக்கு அந்தக் கேள்வி பிடிக்கும். ஆள் யாரென்று தெரியாத அந்த அரை நொடியில், எல்லோருக்கும் ஒரே குரலில்தான் பதில் சொன்னோம்.

சரி, என்னை உறுத்துவது வேறு. போன மாதம், அந்த வேலையை விடாதே என்று உனக்கு நீளமாக எழுதியிருந்தேன். "டைப்பிங்" என்று வந்தது. நின்றது. மறுபடி வந்தது, மறுபடி நின்றது. நான் திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். கடைசியில் வந்து சேர்ந்தது "சரி மாமா". என்னவோ எழுதி அழித்திருக்கிறாய், ஒரு தடவைக்கு மேல். நான் பார்த்திருக்கக் கூடாத விஷயம் அது. காகிதத்தில் கடிதம் எழுதிய காலத்தில், கசக்கிப் போட்டதெல்லாம் எழுதியவரின் குப்பைக் கூடையோடு போய்விடும். என் கைக்கு வருவது நல்ல பிரதி மட்டும்.

மரியாதையில் பாதி, கண்டும் காணாமல் இருப்பதில் இருக்கிறது. ஒருவருக்குக் கண் சிவந்திருந்தால் ஏன் என்று கேட்காமல் வேறு பேச்சு பேசுவது, உள்ளே ஆள் இருப்பது தெரிந்தும் "வீட்டில் இல்லை போலிருக்கிறது" என்று திரும்பி நடப்பது. இந்த போன் அதற்குத்தான் விடமாட்டேன் என்கிறது. எப்போது படித்தாய், கடைசியாக எத்தனை மணிக்கு எட்டிப் பார்த்தாய், எழுதத் தொடங்கி நிறுத்தினாயா, எல்லாவற்றையும் போட்டுக் கொடுத்துவிடுகிறது. 2014-இல் வாட்ஸ்அப்பில் நீல டிக் வந்தது. அதற்கு முன்பு, "இன்னும் பார்க்கலையே" என்று ஒரு சின்னப் பொய்யில் பல உறவுகள் தப்பித்தன.

நீ நீல டிக்கை அணைத்து வைத்திருப்பதைக் கண்டுபிடித்தபோது, என்னிடம் எதையோ மறைக்கிறாய் என்று உன் அம்மாவிடம் புகார் சொன்னேன். இப்போது நானும் அணைத்துவிட்டேன். அணைத்தால், அடுத்தவர் படித்ததும் நமக்குத் தெரியாது என்று ஒரு விதி இருக்கிறதே, அதை வைத்தவர் யாரோ நியாயம் தெரிந்தவர். (குரூப்பில் மட்டும் இது செல்லாது. அங்கே படித்தவர் பட்டியல் வந்துவிடும். உன் சித்தப்பா மாட்டிக்கொண்டது அப்படித்தான்.)

ஆனால் ஒரு விஷயத்தில் நான் இறங்கி வரமாட்டேன். நேரில் வந்தபோது, கண்ணைப் போனில் வைத்துக்கொண்டு உம் கொட்டினாயே, அது. சோதித்துப் பார்க்க நடுவில், "அப்புறம் அந்தப் பூனை சைக்கிளில் ஏறிப் போய்விட்டது" என்றேன். "ம்" என்றாய். இடம் பிசகாத "ம்". சிரித்துவிட்டேன். ஆனால் அன்றைக்குச் சொல்ல வந்ததைச் சொல்லாமலேயே கிளம்பிவிட்டேன்.

நான் மட்டும் யோக்கியமா? உன் அம்மா ஐந்து நிமிடத்துக்குக் குரல் பதிவு அனுப்புவாள். வேகத்தைக் கூட்டும் வசதி 2021-இல் வந்ததிலிருந்து, நான் எல்லாவற்றையும் இரண்டு மடங்கு வேகத்தில்தான் கேட்கிறேன். அக்கா நிதானமாகப் பேசுகிறவள். ஒரு விஷயத்துக்கும் அடுத்ததற்கும் நடுவில் ஒரு பெருமூச்சு விடுவாள். போன வாரம் அந்தப் பெருமூச்சு விக்கல் மாதிரி கேட்டது. வெட்கமாகிவிட்டது. நிறுத்திவிட்டு முதலிலிருந்து மெதுவாகக் கேட்டேன். முட்டிவலி என்று சொல்லியிருந்தாள். ஒரே வரி. அதைச் சொல்வதற்கு முன்னால் சும்மா இருந்த நேரம் அந்த வரியைவிட நீளம். வேகமாக ஓட்டியபோது எனக்கு வலியும் கேட்கவில்லை, அந்த இடைவெளியும் கேட்கவில்லை. நீயும் ஒரு தடவை மெதுவாகக் கேட்டுப் பார்.

அடுத்த ஞாயிறு கூப்பிடுகிறேன். மெசேஜ் போட்டுவிட்டுத்தான்: "அவசரமில்லை. எல்லோரும் நலம். சும்மா பேசத்தான்." பதில் வராவிட்டால், நீ இன்னும் பார்க்கவில்லை என்று எடுத்துக்கொள்வேன். "டைப்பிங்" என்று வந்தால் போனைக் கவிழ்த்து வைத்துவிடுகிறேன்.

அன்புடன்,
மாமா