உன் பிளைட் கணக்கு ஏன் ஒத்துவரலை

மாப்ள,

உன் மெயில் வந்து ரொம்ப நாளாச்சு, கண் ஆபரேஷன் முடிஞ்சு இப்பதான் ஸ்கிரீன் பாக்க விடுறாங்க அதான் லேட்டு. பொண்ணு மேல்படிப்புக்கு லாஸ் ஏஞ்சலஸ் போறது கேட்டு அவ்ளோ சந்தோஷம்டா. டோக்கியோல பிளைட் மாறிப் போறா, நீ அங்க இருந்து லாஸ் ஏஞ்சலஸுக்கு அட்சரேகையோட நேரா கிழக்கே கோடு போட்டு 9,200 கிலோமீட்டர்னு எடுத்து, பிளைட் வேகம் மணிக்கு 900னு வச்சு வகுத்து, டிக்கெட்ல இருக்குற நேரத்தோட ஏன் ஒத்துவரலைன்னு கேட்டிருக்க பாரு, ரிட்டயர் ஆனாலும் கணக்கு வாத்தியார் கணக்கு வாத்தியார்தான்!

முதல்ல தூரம். ரெண்டு ஊரும் கிட்டத்தட்ட 35 டிகிரி வடக்குதான், ஆனா குறுக்கு வழி அந்த கோட்டு மேல இல்ல. ஒரு உருண்டையில ரெண்டு புள்ளிய வச்சு நூலை இழுத்துப் பிடிச்சா அது வடக்க 48 டிகிரி வரைக்கும் வளைஞ்சு போயிட்டு இறங்கும், அந்த வழியில தூரம் 8,800க்குள்ளதான், உன் கணக்குல 400 கிலோமீட்டருக்கு மேல வீண். எக்ஸெல்ல போடணும்னா ரெண்டு அட்சரேகையோட சைனையும் பெருக்கு, அதோட ரெண்டு காஸையும் தீர்க்கரேகை வித்தியாசத்தோட காஸையும் பெருக்கி கூட்டு, அதுக்கு ஆர்க் காஸ் எடுத்து பூமியோட ஆரம் 6,371ஆல பெருக்கு, அவ்ளோதான். டிகிரிய ரேடியனா மாத்திட்டுப் போடு, இல்லன்னா கண்டபடி வரும். பூமி முழு உருண்டை இல்லதான், ஆனாலும் அரை சதவீதத்துக்கு மேல தப்பாது, உனக்கு அது போதும்.

தூரம் ஈஸிடா, படுத்துறது நேரம்தான். டிக்கெட்ல இருக்குறது பறக்குற நேரம் மட்டும் இல்ல, கேட்ல இருந்து நகர்ந்ததுல இருந்து அந்தப் பக்கம் கேட்ல போய் நிக்கிற வரைக்கும், ரன்வேக்கு ஊர்ந்து போறது ஏறுறது இறங்குறது எல்லாம் அதுக்குள்ள. அதனால வகுத்து வந்ததுக்கு மேல ஒரு அரைமணி நேரம் போட்டுக்கோ.

அப்புறம் காத்து. மேல ஜெட் ஸ்ட்ரீம்னு ஒரு வேகக்காத்து மேற்குல இருந்து கிழக்க அடிக்கும், குளிர்காலத்துல பேய்த்தனமா அடிக்கும். 2020 பிப்ரவரியில நியூயார்க்ல இருந்து லண்டனுக்கு ஒரு பிளைட் 4 மணி 56 நிமிஷத்துல போயிடுச்சு, சாதாரணமா 7 மணி நேரம்னு போட்டிருப்பான். போறப்ப லாபம் வர்றப்ப நஷ்டம், கடைசியில சரியாப் போயிடும்னு நீ சொல்லுவ, போகாது. 8,800 கிலோமீட்டர், மணிக்கு 100 கிலோமீட்டர் காத்துன்னு வையி, போக 8.8 மணி, திரும்ப 11 மணி, மொத்தம் 19.8. காத்தே இல்லன்னா 19.56தான். எதிர்க்காத்துல ரொம்ப நேரம் மாட்டிக்கிறோம்ல, அதான்.

அவ சாயங்காலம் 5 மணிக்கு ஏறி அதே நாள் காலையில 10 மணிக்கு இறங்குறான்னு உன் வீட்டம்மா பயப்படுறாங்கன்னு எழுதிருந்த. தேதிக் கோடு தாண்டுறதால வர்ற கூத்து அது. ரெண்டையும் யூடிசிக்கு, அதாவது உலகப் பொது நேரத்துக்கு, மாத்து. டோக்கியோ 9 மணி முன்னாடி, லாஸ் ஏஞ்சலஸ் ஜனவரியில 8 மணி பின்னாடி, ஆக 8ல கிளம்பி 18ல இறங்குறா, சுத்தமா 10 மணி நேரம். கோடையில லீவுக்கு வர்றப்ப அங்க கடிகாரத்த ஒரு மணி நேரம் தள்ளி வச்சிருப்பான், அப்ப 7னு போடு.

ரிட்டர்ன் டிக்கெட் எடுத்தாச்சா? டோக்கியோல அடுத்த பிளைட்டுக்கு கேப் தாராளமா இருக்குற மாதிரி பாத்து போடச் சொல்லு, எதிர்க்காத்துல லேட்டாகுறது அந்தப் பக்கம்தான்.

தங்கச்சிய கேட்டதா சொல்லு.

உன்
மாப்ள