சந்தா நோட்டில் இல்லாதவர்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

கிறிஸ்துவின் நாமத்தில் ஸ்தோத்திரம்.

கோயிலுக்கு வராதவர்களை எப்படி வரவைப்பது என்று சென்ற இதழில் வந்த கட்டுரையை வாசித்தேன். வருஷத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமையைக் குறித்துவைத்து, அன்றைக்கு ஒவ்வொருவரும் வராத ஒருவரைக் கூட்டிக்கொண்டு வரவேண்டும் என்கிறார் கட்டுரையாளர். இங்கிலாந்தில் மான்செஸ்டர் பேராயரின் கீழுள்ள திருமண்டலத்தில் 2004இல் தொடங்கி, பிறகு பல இடங்களுக்கும் பரவிய ஓர் ஏற்பாட்டை முன்மாதிரியாகக் காட்டியிருக்கிறார். நல்ல எண்ணம்தான். நம் திருநெல்வேலிச் சீமையில் அது பலிக்குமா என்பதில்தான் எனக்குச் சந்தேகம்.

டிசம்பர் 31 ராத்திரி புத்தாண்டு ஆராதனைக்கு நம் கோயில்களைப் பாருங்கள். உள்ளே இடம் போதாமல் வெளியே பந்தலும் நாற்காலியும் போட்டு ஒலிபெருக்கி கட்டுகிறோம். வருஷம் முழுக்க முகம் காட்டாதவர்களெல்லாம் பெண்டு பிள்ளைகளோடு வந்து, புது வருஷத்துக்கான வாக்குத்தத்த வசன அட்டையை வாங்கிப் பத்திரமாகப் பைக்குள் வைத்துக்கொண்டு போகிறார்கள். ஊர் கூடிச் சாப்பிடும் அசனப் பண்டிகைக்கு வருகிறார்கள். பிரதிஷ்டைப் பண்டிகைக்குச் சென்னை, மும்பையிலிருந்துகூட வருகிறார்கள். வழி தெரியாதவர் யாருமில்லை. கூப்பிட ஆளில்லாததால் நின்றுபோனோம் என்று சொன்ன ஒரு குடும்பத்தையும் நான் பார்த்ததில்லை. அப்படியானால் ஜனவரி இரண்டாம் ஞாயிறு அவர்கள் எங்கே போகிறார்கள், ஏன் போகிறார்கள்? கட்டுரையில் அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

நான் அரசு மருத்துவமனையில் நர்ஸாக இருந்து ஓய்வுபெற்றவள். சபையின் பெண்கள் ஐக்கிய சங்கத்தோடு வீடு சந்திப்புக்குப் போகிறேன். போகிற இடங்களில் காதில் விழுவதைத்தான் எழுதுகிறேன்.

அதிகமாக விழுவது சந்தா. குடும்பத்துக்கு இவ்வளவு என்று சபைக்குக் கட்டவேண்டிய பணம். கட்டாவிட்டால் சபைத் தேர்தலில் ஓட்டு கிடையாது. அது போகட்டும், ஓட்டுப் போடாததால் யாருடைய விசுவாசமும் குறைந்துவிடாது. கல்யாண ஓலை (திருமண அறிவிப்பு) வாசிக்க வேண்டும், கல்லறைத் தோட்டத்தில் குழி வெட்ட வேண்டும் என்று வந்து நிற்கும்போதுதான் பழைய நோட்டுகள் வெளியே வரும். ஒரு வீட்டில் தாயாரின் பிரேதத்தை நடுவீட்டில் வைத்துக்கொண்டு பாக்கிக் கணக்குப் பார்த்திருக்கிறார்கள். எந்தச் சபை என்று சொல்லப்போவதில்லை. மகன் அங்கேயே கடன் வாங்கிக் கட்டினார், அடக்கம் நடந்தது. அதற்குப் பிறகு அவர் கோயில் படி ஏறவில்லை. டிசம்பர் 31க்குக்கூட வருவதில்லை. சபை ஊழியரான உபதேசியாருக்குச் சம்பளம் கொடுக்க வேண்டும், கரண்ட் பில் கட்ட வேண்டும், ஓடு மாற்ற வேண்டும். பணமில்லாமல் சபை நடக்காது என்பது எனக்கும் தெரியும். ஆனால் விசாரிக்கப் போகிறவர் கையிலேயே ரசீதுப் புத்தகமும் இருந்தால் அதற்குப் பெயர் விசாரிப்பு இல்லை, வசூல். போதகரை ஐயர் என்பது எங்கள் பக்க வழக்கம். ஒரு பெண் என்னிடம் சிரித்துக்கொண்டே சொன்னாள்: “சிஸ்டர், ஐயர் வந்தா சந்தோஷந்தான். கூடவே நோட்டோட ஒருத்தர் வருவாவல்லா, அதான் கதவைச் சாத்திருதேன்.”

அடுத்தது வேலை. நம் பிள்ளைகள் எத்தனை பேர் ஜவுளிக்கடையிலும் நகைக்கடையிலும் நிற்கிறார்கள் என்று பாருங்கள். அவர்கள் உட்கார நாற்காலி கொடுக்கவேண்டும் என்று சொல்லவே 2021இல் தமிழ்நாட்டில் சட்டத்தைத் திருத்த வேண்டியிருந்தது. வார விடுமுறை உண்டு, ஆனால் ஞாயிறு கேட்டால் கிடைக்காது. அன்றைக்குத்தானே கடையில் கூட்டம். நர்ஸ் வேலையும் அப்படித்தான். நைட் டூட்டி முடிந்து காலை எட்டு மணிக்கு வீட்டுக்கு வருகிறவள் ஒன்பது மணி ஆராதனையில் முழங்கால் போட்டால் அப்படியே தூங்கிவிடுவாள். இவர்களைப் பார்த்து ‘ஓய்வுநாளைப் பரிசுத்தமாய் ஆசரிக்க நினைப்பாயாக’ என்று பிரசங்கம் செய்வது யாருக்கு உதவும்?

நம் முன்னோர் இதில் நம்மைவிடக் கெட்டிக்காரர்கள். பனையேறிகளின் ஊர்களில் பதநீர்க் காலம் வந்தால் காலையும் மாலையும் மரம் ஏறியே ஆகவேண்டும். பாளைக்கு ஞாயிறு திங்கள் தெரியாது. விளக்கு வைத்த பிறகு தினமும் மணியடித்து ஊர்க் கோயிலில் மாலை ஜெபம் நடத்தினார்கள். வேலை முடித்துவிட்டு, உடம்பு கழுவி, ஒரு கீர்த்தனைக்காவது வந்து உட்கார முடிந்தது. சில கிராமங்களில் இப்போதும் அந்த மணி அடிக்கிறது. டவுன் சபைகளில் வாரநாளில் சாயங்கால நற்கருணை ஆராதனை வையுங்கள் என்றால் மட்டும் ‘யார் வருவா?’ என்று கேட்கிறார்கள். கடை விடுமுறை செவ்வாய் என்றால் செவ்வாய்க்கிழமை வைத்துப் பார்க்கலாமே.

வேற்று மதத்தவரை ரிஜிஸ்தர் ஆபீசில் கல்யாணம் செய்ததால் இராப்போஜனம், அதாவது நற்கருணை, நிறுத்தப்பட்டவர்கள் இருக்கிறார்கள். அவர்களில் சிலர் பிள்ளைகளை ஓய்வுநாள் பள்ளிக்கு அனுப்பிவிட்டுக் காம்பவுண்டுக்கு வெளியே வண்டியிலேயே காத்திருப்பதைப் பார்த்திருக்கிறேன். சபைத் தேர்தல் நேரத்தில் கோயில் வளாகத்தில் போலீஸ் நிற்பதைப் பார்த்து வெறுத்துப் போனவர்களும் உண்டு. சாதியைப் பற்றித் தனியாக ஒரு கடிதம் எழுத வேண்டும். நீங்கள் அதைப் போடுவீர்களா என்பது வேறு விஷயம்.

வராதவர்களைக் கண்டிக்க எல்லோரும் எடுக்கும் வசனம் எபிரெயர் 10:25. ‘சபை கூடிவருதலைச் சிலர் விட்டுவிடுகிறதுபோல நாமும் விட்டுவிடாமல்’ என்று கட்டுரையாளரும் மேற்கோள் காட்டியிருக்கிறார். அதற்கு முந்தின வசனத்தில், அன்புக்கும் நற்கிரியைகளுக்கும் ஏவப்படும்படி ‘ஒருவரையொருவர் கவனித்து’ என்று இருக்கிறது. இரண்டும் ஒரே வாக்கியம். 24ஐ விட்டுவிட்டு 25ஐ மட்டும் வாசித்தால், வந்து உட்கார்ந்திருப்பவர்கள் வராதவர்கள்மேல் குற்றம் சொல்ல வசதியாக இருக்கும்.

நம் வெள்ளாளன்விளையில் 1874இல் பிறந்த வேதநாயகம் சாமுவேல் அசரியாவைப் பற்றிப் பேசாத மிஷனெரிக் கூட்டம் கிடையாது. 1903இல் பாளையங்கோட்டையில் இந்திய மிஷனெரி சங்கம் உருவானதையும், 1912இல் அவர் தெலுங்கு நாட்டுத் தோர்ணக்கல் பேராயர் ஆனதையும் சிறு பிள்ளைகளும் ஒப்பிக்கும். 1910இல் எடின்பரோ உலக மிஷனெரி மாநாட்டில் அவர் மிஷனெரிகளின் முகத்துக்கு நேரே பேசியதுதான் எனக்கு முக்கியம். ஏழைகளுக்கு உங்கள் ஆஸ்திகளைக் கொடுத்தீர்கள், உங்கள் சரீரங்களைச் சுட்டெரிக்கவும் கொடுத்தீர்கள், நாங்கள் அன்பையும் கேட்கிறோம், எங்களுக்கு நண்பர்களைத் தாருங்கள் என்றார். பள்ளிக்கூடமும் ஆஸ்பத்திரியும் கட்டிக்கொடுத்தவர்களைப் பார்த்து இதைச் சொல்ல எவ்வளவு துணிச்சல் வேண்டும்! அன்று வெள்ளைக்காரர்களைப் பார்த்துக் கேட்டார். இன்று சந்தா கட்ட முடியாதவன் நம் கமிட்டியைப் பார்த்து அதையே கேட்டால் என்ன பதில் வைத்திருக்கிறோம்?

கட்டுரையாளர் தொடாத இன்னொரு கூட்டம் இருக்கிறது. சபைப் பதிவேட்டில் ஒருநாளும் பெயர் இல்லாதவர்கள், ஆனால் இயேசுவிடம் ஜெபிக்கிறவர்கள். ஆஸ்பத்திரியில் வேலை பார்த்த யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். தலையணைக்கு அடியில் புதிய ஏற்பாடு வைத்திருக்கும் இந்து அம்மாமார் உண்டு. ஆபரேஷனுக்கு முந்தின ராத்திரி ‘ஜெபம் பண்ணுங்க சிஸ்டர்’ என்பார்கள். விடிந்து வீட்டுக்காரர் வந்ததும் அதைப் பற்றிப் பேச்சே இராது. இது புதிதும் இல்லை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே சிவகாசியில் ‘இரகசியக் கிறிஸ்தவர்கள்’ என்று சொல்லப்பட்ட பெண்கள் இருந்தார்கள். பைபிள் உமன் என்று நாம் சொல்லும் ஊழியக்காரிகள் வீட்டுக்குள்ளேயே போய் வாசித்துக்காட்ட, குடும்பத்தை விட்டு வெளியேறாமலே விசுவாசத்தைக் காத்துக்கொண்டவர்கள் அவர்கள். சென்னை குருகுல் லுத்தரன் இறையியல் கல்லூரியில் பணியாற்றிய ஹெர்பர்ட் ஹோஃபர், ஞானஸ்நானம் எடுக்காமல் கிறிஸ்துவை வழிபடுகிறவர்களைத் தமிழ்நாட்டில் தேடிப்போய்ப் பேசி எழுதிய ஆய்வு 1991இல் நூலாக வந்தது. அவர்களுக்குக் கிறிஸ்துவோடு பிணக்கு எதுவும் இல்லை. ஞானஸ்நானம் எடுத்தால் வீட்டையும் உறவையும் உதறிவிட்டு வேறொரு ஜனத்தோடு போய்ச் சேர்ந்ததாக ஊர் எடுத்துக்கொள்ளும், அதுதான் தடை.

அப்படிப்பட்ட ஒரு பெண்ணைக் கட்டுரையாளர் சொல்லும் ‘அழைப்பு ஞாயிறு’ அன்று கையைப் பிடித்துக் கூட்டிவந்து முன்வரிசையில் உட்காரவைத்து, ‘புதிதாய் வந்தவர்கள் எழுந்து நில்லுங்கள்’ என்று மைக்கில் சொன்னால் அவள் கதி என்ன? போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் வேறு போடுவோம். மறுநாள் அவள் வீட்டில் என்ன நடக்கும் என்று எண்ணிப் பார்ப்பவர் இல்லை. ஆண்டறிக்கையில் மட்டும் ஒரு எண் கூடியிருக்கும். இந்த எண்ணிக்கை ஆசைதான் வெளியே நமக்குக் கெட்ட பெயரும் வாங்கித் தருகிறது. ‘ஆள் பிடிக்க வந்துட்டாவ’ என்று அக்கம்பக்கத்தார் சொல்லும்போது கோபப்படுகிறோம். நம் அறிக்கைகளை அவர்கள் வாசித்தால் அந்தப் பேச்சு தப்பென்று படுமா?

கைப்பிரதி கொடுக்க வேண்டாம், கன்வென்ஷன் நடத்த வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அதெல்லாம் ஏற்கனவே தாராளமாக நடக்கிறது. நான் சேகரங்களை, அதாவது ஒரு போதகரின் கீழுள்ள சபைகளை, கேட்பது சின்னக் காரியங்கள். வீடு சந்திக்கும் குழுவையும் சந்தா வாங்கும் ஆட்களையும் அடியோடு பிரித்துவிடுங்கள். சாவு வீட்டில் அடக்கம் முடிந்து முப்பது நாளாவது ஆகும்வரை பாக்கிப் பேச்சை எடுக்கக் கூடாது என்று கமிட்டியில் தீர்மானம் போட்டு, ஞாயிறு அறிவிப்பில் வாசியுங்கள். சந்திக்கப் போகிறவர்கள் போனதும் வேதத்தைத் திறக்காமல், கொடுக்கிற காப்பியைக் குடித்துவிட்டு அவர்கள் பேசுவதைக் கேளுங்கள். கேட்டதைக் கூட்டத்தில் வந்து சொல்லாதீர்கள். ஜெபம் வேண்டுமென்றால் அவர்களே கேட்பார்கள். பெரும்பாலும் வாசல்வரை வழியனுப்ப வரும்போதுதான் கேட்பார்கள். வரி வசூலிப்பவனான சகேயுவைக் கர்த்தர் ஜெபாலயத்துக்கு வரச்சொல்லவில்லை, ‘இன்றைக்கு நான் உன் வீட்டிலே தங்கவேண்டும்’ என்றார். அங்கே போய் அவர் வரிக்கணக்குக் கேட்டதாகவும் வேதத்தில் இல்லை. கணக்கைத் தானாகச் சொன்னவன் சகேயுதான்.

உங்களிடமும் ஒரு விண்ணப்பம். கோயிலுக்கு வராதவர்களைப் பற்றி வருகிறவர்களே எழுதிக்கொண்டிருக்கிறோம், என் கடிதமும் அப்படித்தான். ஒரு மாதம் அவர்களுக்கு இரண்டு பக்கம் ஒதுக்குங்கள். ஏன் நின்றுபோனோம் என்று அவர்களே எழுதட்டும். பெயர், ஊர், சேகரம் எதுவும் போட வேண்டாம். பதிலுக்கு ஐயர்மாரின் விளக்கத்தைப் பக்கத்திலேயே அச்சிடவும் வேண்டாம். எழுதத் தெரியாதவர்கள் சொன்னால் நான் எழுதி அனுப்புகிறேன். ஜனவரி இதழில் போட முடியுமா?

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற செவிலியர்,
பாளையங்கோட்டை